மகனுக்கு வாங்கும் முதல் மரம்

கடற்கரைப் பங்குகளில் பணியாற்றும் குருக்களிடம் மக்கள் கேட்டு வரும் ஆலோசனைகள் பலதரப்பட்டவை. மகளுக்கு வந்திருக்கும் வரன் நல்லதா, மகனை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் நம்பத்தக்கவரா என்பன போன்ற வினாக்களுக்கு நாமும் ஏதோ நமக்குத் தெரிந்த விடையைக் கூறி அனுப்பிவிடுகிறோம். ஆனால், ஒருநாள் மாலைச் செபமாலை முடிந்த பின் ஒரு தாய் தம் மகனையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்து கேட்ட வினாவுக்கு நம்மிடம் ஆயத்தமான விடை எதுவும் இருக்கவில்லை. "சாமி, இவனுக்கு முதன்முதலாக ஒரு மரம் வாங்க வேண்டும். எந்த மரம் வாங்குவது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் இவன் கேட்பதாக இல்லை" என்றார் அவர்.

உள்நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படலாம். கடற்கரையில் மரம் என்றால் அது கட்டுமரம். செதுக்கிய மென்மரத் தடிகள் மூன்றையோ நான்கையோ பக்கம் பக்கமாக வைத்து, குறுக்குக் கட்டை கொடுத்துக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. அதில் ஆணி இல்லை, உட்குழிவு இல்லை. மேலே ஏறும் அலை மரங்களின் இடைவெளி வழியே வடிந்து போகும். நீர் நிரம்புவதற்கு இடமே இல்லாத காரணத்தால் அது மூழ்குவதும் இல்லை. 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரையில் கண்ட இம்மிதவையைப் பற்றி எழுதி, அதில் செல்பவனின் கால்கள் எந்நேரமும் நீரிலேயே இருக்கும் என்று வியந்தார். நம் சொல் அவ்வாறே ஆங்கிலத்துக்குப் போயிற்று. இன்று மேனாட்டார் 'காட்டமரான்' என்பது இரண்டு தனித்தனி உடல்களைப் பாலம் போட்டு இணைத்த பாய்ப்படகை. பெயர் நம்முடையது, பொருள் வேறு. 1876இல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் அவ்வகைப் படகு ஒன்றைக் கட்டிப் பந்தயத்தில் மற்ற எல்லாரையும் பின்தள்ளிய போது, இனி இது பந்தயத்தில் சேரக் கூடாது என்று தடை விதித்தார்களாம்! அதை அங்கேயே விட்டு நம் கரைக்கு வருவோம்.

அத்தாயின் கணவர் 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் திரும்பாமல் போனவர்களில் ஒருவர். அன்று முதல் அவர் தலையில் மீன் கடவம் சுமந்து ஊர் ஊராக விற்றுப் பிள்ளைகளைக் காத்து வருகிறார். மகனுக்கு வயது பத்தொன்பது. இரண்டு ஆண்டுகளாகப் பிறருடைய படகுகளில் கூலி ஆளாகப் போய் வருகிறான். இனித் தனக்கென்று ஒன்று வேண்டும் என்பது அவன் ஆவல், அது நியாயமானதே. அவன் கேட்டது முப்பதடி நீள ஃபைபர் வள்ளமும் அதற்கேற்ற எஞ்சினும். பக்கத்து ஊர் மீன் வணிகர் ஒருவர் முன்பணம் தர இசைந்திருந்தார். தாயோ, தம்பி பார்த்து வைத்திருக்கும் பழைய கட்டுமரம் ஒன்றே போதும் என்றார். "அவர் போனது பெரிய படகில்தானே சாமி?" என்று ஒரே ஒரு முறை கேட்டார், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

மூவருடைய கண்களும் நம் முகத்தின் மேல் இருந்தன. நாமோ வயல் சூழ்ந்த உள்நாட்டு ஊரில் பிறந்தவர், நீச்சலும் தெரியாது. அதைவிட, இப்பொருளில் நாம் முன்பு ஒருமுறை செய்த பிழை நெஞ்சில் உறுத்திக் கொண்டிருந்தது. வேறொரு பங்கில் பணியாற்றிய காலத்தில், இதே போன்ற இளைஞன் ஒருவன் பெரிய ஃபைபர் வள்ளம் வாங்கக் கடனுக்கு மனுச் செய்தபோது, புதுமையில் மயங்கி நாமே பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். வள்ளம் வந்தது, மேளதாளத்துடன் மந்திரித்தோம். அதை ஓட்ட நான்கு ஆட்கள் வேண்டும், அலைவாய்க் கரையில் இழுத்து ஏற்றப் பத்து ஆட்கள் வேண்டும் என்பதை அவனும் எண்ணவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆள் கிடைக்காத நாள்களில் வள்ளம் மணலில் கிடந்தது. கடலுக்குப் போன நாள்களில் எரிபொருள் செலவே முன் நின்றது. இரண்டு ஆண்டுகளில் வள்ளத்தை விற்றான். கடன் மட்டும் விற்பனையாகவில்லை. அவன் இப்போது வளைகுடா நாடொன்றில் முதலாளி ஒருவரின் படகில் மீன் பிடிக்கிறான். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்றும் வாழ்த்து அனுப்புகிறான். ஒரு சொல் குறை கூறியதில்லை. அதுவே நமக்கு அதிக வருத்தம்.

ஆதலால் இம்முறை, "நாளை மாலை கடற்கரையில் பார்ப்போம். எனக்கு முதலில் கற்றுக் கொடுங்கள், பிறகு சொல்கிறேன்" என்றோம். அந்தத் தாய்மாமன் சிரித்தார். அறுபதைக் கடந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், மருந்துவாழ் மலையையும் நம் ஆலயக் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேராகப் பிடித்துக் கடலடியில் கிடக்கும் பாரைக் கண்டறியும் வித்தையில் இக்கரையில் அவருக்கு ஈடு சிலரே.

அவர் கேட்ட முதல் வினா மரத்தைப் பற்றியதே அன்று. "எந்தக் கரையில் இறக்கப் போகிறாய்?" என்று மருமகனைக் கேட்டார். இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது நமக்குப் பின்னரே விளங்கியது. மன்னார் வளைகுடாவின் அமைதியான கரைகளில் வள்ளம் நங்கூரத்தில் கிடக்கலாம். ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை நீளும் குமரி மாவட்டக் கரையிலோ, துறைமுகம் உள்ள சில இடங்கள் நீங்கலாக, அலை நேரே மணலில் வந்து உடைகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரை அதன் சீற்றம் மிகப் பெரிது. இங்கே ஒரு கலத்துக்கு வேண்டிய முதல் இலக்கணம் உடையும் அலையைக் கடந்து போவதும், திரும்பி வந்து மணலில் மோதினாலும் சிதையாமல் இருப்பதுமே. கட்டுமரம் இக்கரைக்கென்றே பிறந்தது. கவிழ்ந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். இருவர் சேர்ந்து நிமிர்த்தலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தனித்தனி மரமாகத் தோளில் சுமந்து மேட்டில் ஏற்றலாம்.

விந்தை என்னவெனில், கடலில் பாய் விரித்து விளையாடப் பழகும் மேனாட்டாரும் முதற்படகுக்கு இதே இலக்கணத்தைத்தான் தேடுகிறார்கள். கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டர் என்பவர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிப் புகழ் பெற்ற சிறு காட்டமரான், அலை வழியாக நேரே மணலில் ஓடி ஏறுவதற்கென்றே அடியில் துருத்தும் பலகை ஏதுமின்றி அமைக்கப்பட்டது. எளிதில் கரையேற்றலாம், கவிழ்ந்தால் நிமிர்த்தலாம் என்பதே அதன் சிறப்பு. இதைத் தாய்மாமனிடம் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. "அவர்களுக்கும் கடல் கடல்தானே" என்றார்.

இளைஞன் விடவில்லை. அவன் வாதத்தையும் நேர்மையாக இங்கே எழுத வேண்டும். கட்டுமரத்தில் எட்டும் தொலைவு குறைவு; கரையோரம் மீன் அருகிவிட்டது; கரையை ஒட்டிய கடலில் இழுவைப் படகுகள் வரக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரம்பு இருந்தும், அவ்வரம்பு கடலில் எப்போதும் மதிக்கப்படுவதில்லை; நண்பர்கள் எல்லாரும் ஃபைபரில் போகும்போது தான் மட்டும் துடுப்பு வலிப்பதா? இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்ததிலிருந்து கரைகளில் கட்டுமரங்கள் மிகவும் குறைந்துவிட்டன. அப்படிக் குவிந்தவற்றில் தரம் குறைந்தவையும் இருந்தன. அவசரத்தில் கட்டப்படும் படகுகள் உயிருக்கு ஆபத்து என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமே அன்று எச்சரித்தது. ஆனால், நன்றாகக் கட்டிய ஃபைபர் வள்ளம் நல்ல கலமே. அது நீர் குடிக்காது, பல்லாண்டு உழைக்கும், ஓட்டை விழுந்தால் ஒட்டிச் சரி செய்யலாம். அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. முதல் கலமாக, கடன் கலமாக, பத்தொன்பது வயதில் அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

தாய்மாமன் அதற்குச் சொன்ன விடை நமக்குப் பிடித்திருந்தது. "எஞ்சின் ஓட்டுபவனுக்கு நீவாடு தெரியாது" என்றார். நீவாடு என்பது கடல் நீரோட்டம். விடியுமுன் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பாய் விரித்துப் போவதும், வெயில் ஏறிய பின் கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்றில் திரும்புவதும் பாய்மரக்காரனின் அன்றாட நடை. கச்சானும் வாடையும் கொண்டலும் மாறும் நேரங்களை அவன் உடம்பால் அறிகிறான். வலை எந்தப் பக்கம் இழுக்கப்படும் என்பதைக் கையால் அறிகிறான். எஞ்சின் நின்றுபோன நாளில் இவ்வறிவு இருப்பவன் கரை சேருவான். இரண்டு ஆண்டுகள் கூலி ஆளாகப் போனதில் மருமகன் வலை இழுக்கக் கற்றிருந்தானே தவிர, கடையாலில் அமர்ந்து கலத்தைச் செலுத்தியதில்லை. அதை அவனே தலைகுனிந்து ஒப்புக்கொண்டான்.

அதன் பின் மூன்று மாலைகள் மரம் பார்க்கச் சென்றோம். அயலூர் ஒன்றில் விலைக்கு நின்ற மரத்துக்குப் புதிதாக வண்ணம் பூசி, அணியத்தில் பெரிய சிலுவையும் வரைந்திருந்தார்கள். இளைஞனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. நமக்கும் பிடித்தது என்பதை மறைப்பானேன்! தாய்மாமன் மடியிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பியை எடுத்து அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் குத்தினார். அப்பம் போல் உள்ளே போயிற்று. கப்பற்புழு வெளியே ஊசித் துளை அளவே வாசல் வைத்து, உள்ளே விரல் பருமனுக்குக் குடைந்துவிடும். மேற்பூச்சு அந்த வாசல்களை மறைத்துவிடுகிறது. நாள்தோறும் அவிழ்த்து வெயிலில் உலர்த்தப்படும் மரத்தில் புழு பிழைப்பதரிது. நீரிலேயே கட்டிப் போடப்பட்ட மரத்தில்தான் அது பெருகும். ஆகவே பழைய மரம் வாங்குபவர் மரத்தைப் பார்ப்பதோடு, விற்பவர் அதை எப்படி வைத்திருந்தார் என்பதையும் அக்கம் பக்கத்தில் கேட்டறிய வேண்டும். பூச்சு இல்லாத மரமே நம்பத்தக்கது என்பது அவர் தீர்ப்பு.

அடுத்தது எடை. இப்போது கட்டுமரத்துக்குப் பெரிதும் பயன்படுவது கேரளத்திலிருந்து வரும் அல்பீசியா என்னும் மென்மரம். அதன் இலேசான தன்மைதான் அதன் குணமும் குற்றமும். காய்ந்திருக்கும்போது நன்றாக மிதக்கும். நாளாக ஆக நீர் குடித்துக் கனக்கும். வசதியுள்ளவர்கள் இரண்டு தொகுதி மரம் வைத்து, ஒன்று கடலுக்குப் போகையில் மற்றதை உலர விடுவார்கள். விற்பவர் ஒரு வாரம் வெயிலில் காய வைத்த மரத்தைத் தூக்கிக் காட்டுவார். அது நமக்குப் பயன்படாத காட்சி. கடலிலிருந்து அப்போதுதான் வந்த மரத்தை இருவர் தோளில் வைத்துப் பார்க்க வேண்டும். வயது போனது அந்த நேரத்தில் தெரிந்துவிடும். நான்கு மரங்களும் ஒரே வயதினவாக இருப்பதும் முக்கியம். மூன்று பழையதும் ஒன்று புதியதுமாகக் கட்டினால், ஒரு பக்கம் தாழ்ந்து பாய் விரித்த நேரத்தில் தொல்லை தரும்.

கயிற்றைப் பற்றி அவர் சொன்னது நமக்கு முற்றிலும் புதிது. தென்னை நார்க் கயிறு நனைந்தால் பருத்து இறுகும். நைலான் கயிறு நனைந்தால் சற்றே நெகிழும். நைலான் வலிமையானது, மக்காதது என்று அதையே கட்டிக்கொண்டு கரையில் இறுக்கியதோடு மறந்து விடுபவன், நடுக்கடலில் மரங்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசையைக் கேட்க நேரும். நைலான் கட்டினால், நனைத்துவிட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

அளவு பற்றி நீண்ட வாதம் ஏதும் நிகழவில்லை. இருவர் செல்லும் மரம். அதற்குச் சிறிய முக்கோணப் பாய். பாய் வலிக்காத நேரத்துக்கு இரண்டு துடுப்புகள். தனியாகப் போகும் மிகச் சிறிய மரமும் வேண்டாம், நால்வர் மரமும் வேண்டாம். முதல் ஆண்டு முழுவதும் மாமன் கூட வருவார் என்பது உடன்பாடு.

இந்த இடத்தில் இளைஞன், "முதன்முதலாக வாங்குவது பழைய மரமா, சாமி?" என்று மனம் கசந்து கேட்டான். அவனுக்கு நாம் ஒரு செய்தி சொன்னோம். 1986இல் கடும் வறட்சியால் கலிலேயாக் கடலின் நீர் வற்றியபோது, கின்னோசார் என்ற இடத்தில் சேற்றில் புதைந்திருந்த பழைய படகு ஒன்று வெளிப்பட்டது. அறிஞர்கள் ஆய்ந்து, அது ஏறத்தாழ நம் ஆண்டவர் வாழ்ந்த காலத்தது என்றார்கள். நீளம் சுமார் எட்டு மீட்டர். அது யாருடைய படகு என்று எவராலும் சொல்ல இயலாது; பேதுருவினுடையது என்று ஊர்க்கதை கட்டுவதும் முறையன்று. ஆயினும் அப்படகில் பத்துக்கு மேற்பட்ட மர வகைகள் இருந்தன என்பது உறுதி. கிடைத்த கட்டையை எல்லாம் வைத்துத் தலைமுறைகளாக ஒட்டுப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். இனி உழைக்காது என்ற நிலையில், பயன்படும் உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு அடிப்பாகத்தை விட்டுவிட்டார்கள். மகன் ஒன்றும் பேசவில்லை. தாய்தான், "அந்தக் காலத்திலும் முன்பணம் கொடுக்கும் தரகர் இருந்தார்களா சாமி?" என்று கேட்டார். நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அக்கேள்விதான் இவ்விவகாரத்தின் உயிர்நிலை.

கடற்கரையில் முன்பணம் என்பது வெறும் கடனன்று. பணம் கொடுத்தவரிடமே பிடித்த மீன் அனைத்தையும் விற்க வேண்டும். அவர் சொல்வதே விலை. விற்பனையில் ஒரு பங்கும் அவருக்கு. அசல் குறையவே குறையாது. அதைத் திருப்பித் தருவதை அவரும் விரும்புவதில்லை. இக்கட்டை அறுப்பதற்காகவே குமரிக் கரையில் மீனவர் சங்கங்கள் தோன்றின. அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாகவும் வளர்ந்தன. மறைமாவட்டமும் இதில் கைகட்டி நிற்கவில்லை. கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியில் முட்டத்தில் படகு கட்டும் நிலையம் ஏற்பட்டதும், பெல்ஜிய நாட்டுப் பொறியியலரான பியர் ஜில்லே அங்கே மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை ஆக்கிப் பார்த்ததும், அவ்வனுபவங்களை 1985இல் நூலாக எழுதியதும் மூத்த வாசகர் சிலருக்கு நினைவிருக்கலாம். மென்மரம் அரிதாகி விலை ஏறியதே அம்முயற்சிக்கு ஒரு காரணம். வடிவம் மாறலாம், பொருள் மாறலாம். அலையைக் கடக்கும் குணமும் ஏழையின் கைக்கு எட்டும் விலையும் மாறக் கூடாது என்ற எண்ணம் அதில் இருந்தது.

தாய் தம் கணக்கை நம் மேசை மேல் வைத்தார். எழுத்தில் அன்று, விரல்களில். வள்ளம் வாங்கினால் நாளொன்றுக்கு எரிபொருள் இவ்வளவு, ஆள் பங்கு இவ்வளவு, தரகருக்கு இவ்வளவு. மீன் படாத நாளில் அத்தனையும் கடனில் ஏறும். கட்டுமரத்துக்கு மீன் படாத நாளில் இழப்பு இருவரின் உழைப்பு மட்டும். சீட்டுப் பணமும் சங்கத்துக் கடனும் சேர்ந்தால் மரமும் பாயும் ஒரு செட்டு வலையும் வாங்கிவிடலாம்; மீனை அவரே கடவத்தில் வைத்து விற்பார். குருமடத்தில் நாம் படித்த மெய்யியல் நூல்கள் எவற்றிலும் இவ்வளவு தெளிவான தருக்கத்தைக் கண்டதாக நினைவில்லை.

நாம் சொல்ல வேண்டிய வார்த்தை அப்போது எளிதாயிற்று. "தம்பி, இரண்டு ஆண்டு மரத்தில் போ. கடனில்லாமல் இரு. அதன் பிறகு வள்ளம் வேண்டுமென்றால் கடிதம் எழுதிக் கொடுக்க நானே வருகிறேன்" என்றோம். கூடவே நாமும் சில நிபந்தனைகள் வைத்தோம். மிதவைச் சட்டை இல்லாமல் மரம் ஏறக் கூடாது. கைப்பேசியை நீர் புகாத உறையில் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையையும் வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கையையும் கேட்காமல் கடலுக்குப் போகக் கூடாது. தொலைவில் எழுந்த பெருங்காற்றால், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென ஏறிவரும் கள்ளக்கடலைக் கண்ணால் மட்டும் பார்த்து அறிய முடியாது. மரத்தை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். மாமன் இவற்றுள் மிதவைச் சட்டையை மட்டும் ஏற்கவில்லை. "மரமே மிதவைதானே" என்றார். மரத்திலிருந்து தவறி விழுந்தவனுக்கு மரம் எப்படி மிதவையாகும் என்று அக்கா கேட்ட பின் வாயை மூடிக்கொண்டார்.

கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3ஆம் நாள் நிறைவுற்றபின், கடல் தணிந்த ஒரு காலையில் மரத்தை இறக்கினார்கள். மேளம் இல்லை, பட்டாசு இல்லை. தீர்த்தம் தெளித்து ஒரு செபம் சொன்னோம். முதல் அலையில் அணியம் எழுந்தது. இரண்டாவதில் மரம் குறுக்கே திரும்பி இருவரையும் தண்ணீரில் தள்ளிற்று. கரையில் நின்ற சிறுவர்கள் ஆரவாரம் செய்தார்கள். தாய் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். மாமனும் மருமகனும் எழுந்து மரத்தை நேராக்கி, அடுத்த இடைவெளி பார்த்துத் துடுப்பை வலித்தார்கள். பாய் விரிந்து சிறிதாகும் வரை அந்தத் தாய் அவ்விடம் விட்டு அகலவில்லை.

மாதம் நான்கு ஆகிவிட்டன. இரண்டாம் தொகுதி மரத்துக்கு இன்னும் பணம் சேரவில்லை. ஆகவே உலர்த்துவதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போகிறான். ஆலயத்தின் தெற்குச் சுவரில் வெயில் நன்றாக விழுகிறது என்று கண்டுபிடித்து, நான்கு மரங்களையும் அங்கே சாய்த்து வைக்க அனுமதி கேட்டான். அந்த இடம் நம் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம். அதை இப்போது வேப்ப மரத்தடிக்கு மாற்றியிருக்கிறோம். காக்கைகளின் எச்சத்தைத் துடைப்பதுதான் நாள்தோறும் நமக்கு வேலை.